வேளாங்கண்ணியில் நாங்கள் தங்காத அறை

அத்தை,

எதிர்வீட்டுக் குழந்தைக்கு மொட்டை போட்டுக் கூட்டிவந்திருக்கிறார்கள். தலை நிறையச் சந்தனம். தெருவே தூக்கிக் கொஞ்சியது, என் கையிலும் கொடுத்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து முகம் கழுவினேன். நீங்கள் போய், வருஷப் பூசையும் வைத்தாயிற்று. இன்னும் நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போனபாடில்லை.

செத்தவர்களைப் பற்றி நல்லது பேச வேண்டும் என்பார்கள். பேசிவிடுகிறேன். உங்கள் கை மீன் குழம்புக்கு இந்த ரெட்டியார்பாளையத்தில் ஈடு கிடையாது. நல்லது முடிந்தது.

இந்த வீட்டைக் கட்டியவர் ஒரு ஹாலும் ஒரு சமையல்கட்டும் போதும் என்று விட்டுவிட்டார். ஹாலில் ஒரே ஃபேன். அதன் நேர் கீழே உங்கள் பாய். "எனக்கு இழுப்பு, காத்து வோணும்" என்பீர்கள். அந்தப் பக்கம் உங்கள் பிள்ளை, இந்தப் பக்கம் நான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். காலையில் தண்ணீர்க் குழாயடியில் நாலு பெண்கள் இருக்கும்போது பார்த்து, "இன்னாடி ரோசலி, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்பீர்கள். அவர்கள் என் வயிற்றைப் பார்ப்பார்கள். நான் குடத்தைப் பார்ப்பேன். நடுவில் படுத்திருப்பது யார் என்று ஒருத்திக்கும் தெரியாது.

உங்கள் பிள்ளைக்குப் பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் வேலை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜோடி ஜோடியாக வந்து இறங்குபவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுப்பார். சிக்கனமாக இருந்துவிட்டுப் போவது எப்படி என்று அவரைப் போலச் சொல்ல ஆளில்லை. சனி ஞாயிறில் வராதீர்கள், வார நாளில் வந்தால் பாதி வாடகை. கடல் தெரியும் அறைக்கு அதிகம் கொடுக்காதீர்கள், பின்பக்க அறையில்தான் காற்று வரும். ஓட்டலில் சாப்பிடாதீர்கள், மெஸ்ஸில் மீன் சாப்பாடு நன்றாயிருக்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்து, உங்கள் அந்தப் பக்கம் படுத்துக்கொள்வார்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. நானும் அவரும், சாத்திக்கொள்ள ஒரு கதவு, கேட்க யாருமில்லாத இரண்டு நாள். உள்ளூரில் அது நடக்காது. பாண்டிச்சேரி ரேஷன் கார்டோடு ஒரு ஜோடி வந்து ரூம் கேட்டால் எந்த லாட்ஜிலும் கொடுக்கமாட்டார்கள். "நானே வெரட்டிடுவேன்" என்று அவரே சொன்னார். மகாபலிபுரம் போய் வரலாம் என்று உங்கள் காதில் போட்டுப் பார்த்தேன். "நம்ம இன்னா சொல்தா வூடா? பிரான்சு பென்சன் வருதா?" என்று கேட்டீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவரின் குடும்பம் அடுத்த தெருவில் இருந்தது. எதைக் கேட்டாலும் அந்த வீட்டைக் காட்டியே என் வாயை அடைப்பீர்கள்.

அப்போதுதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார். வேளாங்கண்ணி. கடல் இருக்கிறது, லாட்ஜ் மலிவு. "மாதா கோயில்னா அம்மா வாயத் தொறக்கமாட்டாங்க." ஓட்டல் புத்தி அல்லவா, பரீட்சை சமயமாகப் பார்த்து நாளைக் குறித்தார். கூட்டம் இருக்காது, வாடகை குறையும். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசி ரூமும் சொல்லிவிட்டார். அலைச் சத்தம் கேட்கும் ரூமாம். எனக்கு அவர்மேல் அவ்வளவு பெருமையாக இருந்தது. அது தவக்காலம், விரத நாட்கள் என்பதை வேதக்காரர்கள் நாங்கள் இரண்டு பேரும் மறந்தே போனோம்.

நீங்கள் மறக்கவில்லை. "தவக்காலத்துல மாதாவப் பாக்கணும்னு தோணுச்சே, நல்ல புத்தி" என்று என் கன்னத்தைத் தடவினீர்கள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, பிள்ளை வரம் கேட்கப் போகிறோம் என்று. கிளம்புகிற நாள் காலையில் நீங்கள் காவிப் புடவை கட்டிக்கொண்டு, பையோடு வாசலில் நின்றீர்கள். எனக்கும் ஒரு காவிப் புடவை வைத்திருந்தீர்கள். நான் எடுத்து வைத்திருந்த மயில் கழுத்துப் பச்சையை உங்கள் கையாலேயே திரும்பப் பீரோவில் வைத்தீர்கள். உங்கள் பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் உங்கள் பையை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் நீங்களும் நானும் ஒரு சீட்டு. அவர் பின்னால், மூட்டைகளோடு. கடலூர் தாண்டுகிற வரைக்கும் செபமாலை சொல்ல வைத்தீர்கள். போய் இறங்கியதும், "ரூமு இன்னாத்துக்கு? மண்டபம் இருக்கு. நேர்ச்சைன்னா சுத்தமா இருக்கணும். கவுச்சியும் ஆவாது, புருசன் பொண்டாட்டி ஒண்ணாப் படுக்கறதும் ஆவாது" என்றீர்கள். உங்கள் பிள்ளை லாட்ஜுக்குப் போய் ரூம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு முணுமுணுப்புக் கிடையாது. ஆண்கள் பக்கம் அவர் படுத்தார், பெண்கள் பக்கம் உங்கள் பக்கத்தில் நான். அங்கேயும் அலைச் சத்தம் நன்றாகவே கேட்டது.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்ததும் சொன்னீர்கள்.

"முடி குடுக்கறதா மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"யாரு முடி அத்தை?"

"புள்ள யாருக்கு வோணும்?"

என் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். உங்கள் பிள்ளை வாய்விட்டு என்னிடம் புகழ்ந்தது அது ஒன்றைத்தான். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றால் போதும். அவர் குனிந்து என் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மழித்து முடிக்கும்வரை நான் அழவில்லை. முடிந்ததும் அவர் அந்த ஆளிடம், "சந்தனம் கொஞ்சம் நெறைய பூசுங்க" என்றார். அந்தப் பயணத்தில் எனக்காக அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

கடலில் முழுக்குப் போடப் போனோம். தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு ஒரு புதுஜோடி நின்றது. அந்தப் பையன் உங்கள் பிள்ளையிடம் கேமராவைக் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். இவர் என் செருப்பை மணலில் வைத்துவிட்டு, வேலை பார்க்கிற இடத்தில் பேசுகிற அதே குரலில், "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்" என்றார். ஒன்று போதாது என்று இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தார்.

நான் ஈரத் தலையோடு கரையேறியதும் நீங்கள் என் பக்கத்தில் வந்து, அவருக்குக் கேட்காமல் சொன்னீர்கள். "கடலு பாத்தாச்சு இல்ல? அதுக்குத்தானே வந்தீங்க." நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு எவன் ரூமு போட்டான்?" என்றீர்கள். மாமா குடித்து அழிந்தவர் என்று எனக்குத் தெரியும். தலையில் முடி இருந்திருந்தால் எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் முடி தோளைத் தொட்ட சமயம் நீங்கள் குளிக்குமிடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டீர்கள். பெரியாஸ்பத்திரியில் கிடந்தீர்கள். குருசுக்குப்பத்திலிருந்து உங்கள் மகள் வந்து துணைக்கு இருந்தாள். நான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பறந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். "மருமவ ஓடி ஓடிப் பாக்குது" என்று பக்கத்துக் கட்டில்காரம்மா மெச்சினாள். நான் எங்கே ஓடினேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஃபேனுக்குக் கீழே ஒரே பாய். பாப்பா அப்படி வந்தவள்தான்.

நீங்கள் கோலூன்றி வீட்டுக்கு வந்து, நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும், குழாயடிக்கே போய்ச் சொன்னீர்கள். "மாதா குடுத்த புள்ள. நான் வச்ச நேர்ச்சை." ஆரோக்கியமேரி என்று பெயரும் நீங்களே வைத்தீர்கள். மாதா கொடுத்தார் என்பதை நான் மறுக்கவில்லை அத்தை. உங்கள் இடுப்பை ஒடித்துக் கொடுத்தார்.

நீங்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த கடைசி மாதங்களில் மலமும் மூத்திரமும் நான்தான் அள்ளினேன். ஒருநாள் இதைக் காதில் போட்டே விடுவது என்று குனிந்தேன். நீங்கள் என் பின்னலைப் பிடித்துப் பார்த்து, "நல்லா வளந்துடுச்சு" என்றீர்கள். சொல்லாமல் நிமிர்ந்துவிட்டேன். இரக்கமெல்லாம் இல்லை. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் உங்கள் பிள்ளை தானாகவே, "ரெண்டு பேரும் எங்கனா போய்ட்டு வரலாமா?" என்றார். தரங்கம்பாடி. வார நாள், வாடகை குறைச்சல், பின்பக்க அறை, எல்லாம் அவர் கணக்குப்படி. பாப்பாவைத் தவளக்குப்பத்தில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். மத்தியானம் மீன் சாப்பாடு முடிந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். வெள்ளை விரிப்புப் போட்ட அகலமான கட்டில். அவர் அந்த ஓரம் படுத்தார், நான் இந்த ஓரம் படுத்தேன். நடுவில் உங்களுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

நான்தான் கேட்டேன். "அன்னிக்கு ஏன் ஒரு வார்த்தை பேசல?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. "அம்மா இருக்கும்போது எப்டி?"

"இப்ப இல்லியே. இப்ப சொல்லுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "வா, கடலு பாக்கலாம்" என்றார்.

போனோம். பார்த்தோம். மறுநாளுக்கும் சேர்த்து எடுத்த அறையை அன்று சாயங்காலமே காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் எனக்கு விட்டுக் கொடுத்தார். வழியெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம்தான். உங்களைத் திட்டித் திட்டியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன் அத்தை. இனி யாரைத் திட்டுவது? நீங்கள் இருந்தவரைக்கும் அவரை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோசலி