குடும்பத்துக்கே ஒரு ஸ்கேன்

இன்று காலை பீரோவில் சுடுநீர்ப் பையைத் தேடிய கைக்கு உன் பழைய ஸ்கேன் கவர் தட்டுப்பட்டது. இன்னும் பாச்சா உருண்டை வாசனை. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். உள்ளே நம் மகள் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடக்கிறாள், இந்த மனுஷன் இங்கே சிரிக்கிறார் என்று நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

அவள் காலேஜில் சேர்ந்த புதிதிலும் மாதாமாதம் இப்படித்தான் துடித்தாள். மர்பி டவுனில் நம் சந்து முழுக்க டாக்டர்கள்தானே! "சூட்டு உடம்பு, வெந்தயம் ஊறவெச்சுக் குடு" என்றார் மாடி வீட்டு அக்கா. "பிசிஓடிதான், இப்ப எல்லாப் பொண்ணுங்களுக்கும் அதான்" என்றாள் உன் தங்கை. பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்ட நான் மட்டும் சும்மா இருப்பேனா? உனக்குக் கருப்பையில் நார்க்கட்டி இருந்தது, ஆகவே அவளுக்கும் அதுதான் என்று முடிவுகட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது உன் ஸ்கேனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடம் அதை நீட்டி, "அம்மாவுக்கு இருந்த அதே கட்டிதான் மேடம்" என்றேன். நீ வெடுக்கென்று பிடுங்கினாய்.

"ஏங்க, இது என்ன ரேஷன் கார்டா, குடும்பத்துக்கே ஒண்ணு காட்ட?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நீவு ஸ்வல்ப ஹொரகே இரி" என்று கன்னடத்தில் சொல்லி வாசலைக் காட்டினார். வெளியே போய் உட்கார்ந்தேன். கதவிடுக்கு வழியாக உன் குரல் கேட்டது.

"எனக்கு ரத்தம்தான் கொட்டும் மேடம், வலி கம்மி. இவளுக்கு வலிதான். வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. டாய்லெட் போனாக்கூட வலிக்குதுங்கறா. மாசம் மட்டும் தவறவே தவறாது."

மாதம் தவறாததால் பிசிஓடி என்று நினைக்கத் தோன்றவில்லை என்றார் டாக்டரம்மா. பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டியும் இல்லை. கருப்பையின் உட்சவ்வு போன்ற ஒன்று வெளியே வளர்ந்து படுத்துகிறது, ஸ்கேனில் தெரியாமலும் இருக்கும் என்றார். எண்டோமெட்ரியோசிஸ். எழுதிவிட்டேன், வாயில் இன்றுவரை நுழையவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ சொன்னாய்: "பேரை விடுங்க. எங்க வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு கேட்டாப் போதும்."

போன மழைக்காலத்தில் திடீரென்று நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு கேட்கிற வேலை எனக்கு வந்தது. மாத்திரையில் அடங்கியிருந்த வலி இன்று திரும்பியதும் கேட்டேன்.

"எங்கம்மா?"

"இடது பக்கம்ப்பா. கால் வரைக்கும் இழுக்குது. இது புதுசு."

அதே டாக்டரம்மா. அவர் சொல்வதற்கு முன்பே நான் வெளியே போக எழுந்தேன். மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா இருக்கட்டும் மேடம். நான் விட்டதை அவர் சொல்வார்."

நீ அன்று உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பாதியில் வலி தாங்காமல் அவள் நிறுத்தியபோது, இடது பக்கம், காலுக்கு இழுக்கிறது, இது புதுசு என்று நான் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். புது ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கிறார், அவள் பெயரில்.

மடியிலிருந்த பையில் உன் ஸ்கேன் கவரும் இருந்தது. பயப்படாதே, நீட்டவில்லை. நீயும் எங்களோடு உள்ளே இருக்க வேண்டாமா?