வழக்கமாக வசிப்பவர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் மனைவி எப்படி இருக்கிறாள்? வாந்தி நின்றதா? போன முறை தொலைபேசியில் கேட்டபோது "ம்" என்றாய். உன் "ம்" என்பதை வைத்து ஒன்றும் கணக்கிட முடியவில்லை.

கடிதமாக எழுதக் காரணம் இருக்கிறது. தொலைபேசி என்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உள்ளேயே இருக்கும்.

என் வேலை உனக்குத் தெரியும். நான்காவது மாடி, திறக்காத ஜன்னல், அட்டவணைப் பிரிவு. இந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிற்றூர்களின் எண்கள் என் மேசைக்கு வந்து, நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும். போன வாரம் நம் ஊர் வந்தது. 5,118 பேர்.

சந்தோஷப்பட்டேன். அரைமணி நேரம்.

பிறகு வயதுப் படம் போட்டுப் பார்த்தேன். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். குழந்தைகள் கீழே, முதியவர்கள் மேலே. நம் ஊர் போன்ற ஊர்களுக்கெல்லாம் ஒரே உருவம்தான்: இருபது வயதுக்கு மேல் இடுப்பு ஒடிந்திருக்கும். வேலை தேடிப் போனவர்களின் இடம் அது. ஊரின் ஆறு கணக்கெடுப்புத் தொகுதிகளில் ஐந்தில் அந்த ஒடிவு இருக்கிறது. ஆறாவது தொகுதியில் இல்லை. அங்கே இருபது வருடமாக ஒருவர்கூட ஊரை விட்டுப் போகவில்லை. படம் அப்படித்தான் சொல்கிறது.

ஆறாம் தொகுதியின் கணக்கெடுப்பாளர் நீ.

ஐயாயிரத்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை மூடிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். சுகாதாரத் துறை இந்த எண்ணுக்காகத்தான் காத்திருக்கிறது.

திருத்தப் படிவம் ஒன்று இருக்கிறது. கணக்கெடுப்பாளர் தானே நிரப்புவது. 24ஆம் தேதிக்குள் வந்தால் அது பிழை. அதற்குப் பிறகு நாங்கள் கண்டுபிடித்தால் குற்றம்.

எழுது.

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள கணக்குப்புலி அக்காவுக்கு,

வாந்தி நின்றுவிட்டது. ஆறாம் மாதம். இப்போது பசிதான். சுவரில் சாய்ந்து நின்றால் சுவரையே தின்றுவிடுவாள் போலிருக்கிறது. உன்னை விசாரித்தாள். "அண்ணி இந்த வருஷமாவது வருவாங்களா?" என்றாள். "ம்" என்றேன்.

படத்தில் இடுப்பு ஒடியவில்லை என்பதற்காக ஒரு வாத்தியாரைச் சந்தேகப்படலாமா? நானூறு படி ஏறி இறங்கி எடுத்த கணக்கு. இரண்டு நாய்க்கடி. ஒன்று பேன்ட்டோடு போயிற்று, இன்னொன்று போகவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு விடைத்தாள்கள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன.

உங்கள் கணினியில்தான் ஏதோ தவறு இருக்கும். மறுபடி போட்டுப் பார்.

ஊருக்கு நல்லது நடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது ஒன்றும் பாவமில்லை. பதினான்கு வருடமாக நீ ஊரைப் பார்க்காமல்தானே இருந்தாய். இந்த ஒரு படத்தையும் பார்க்காமல் விடு.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

மறுபடி போட்டுப் பார்த்தேன். கணினியில் தவறில்லை.

என் மேசைக்குப் பெயர்கள் வருவதில்லை. வீட்டுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு வரி. வயது, பாலினம், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, என்ன வேலை. அவ்வளவுதான். ஒரு வீட்டின் வரிகளை வெளியே எழுதுவது குற்றம். அந்த வீட்டுக்காரனுக்கே எழுதுவதால் இது எவ்வளவு குற்றம் என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

தலைவர், ஆண், 32, ஆசிரியர்.
மனைவி, பெண், 29.
தாய், பெண், 63.
சகோதரி, பெண், 36, திருமணமாகாதவர், அரசு ஊழியர்.

அம்மா இறந்தபோது அறுபத்தொன்று. நீ இரண்டு வயது கூட்டியிருக்கிறாய். இரண்டு பிறந்தநாளையும் விடாமல் கணக்கில் எடுத்திருக்கிறாய்.

நாற்காலியை விட்டு எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பக்கத்து மேசைக்காரி கேட்டாள்: "என்னாச்சு? எண்ணு ஒத்துவரலையா?"

கையேட்டில் பதினோராம் பக்கம், உனக்குப் பயிற்சியில் படித்துக் காட்டியிருப்பார்கள். வழக்கமாக வசிப்பவர் என்றால், அந்த இடத்தில் கடந்த ஆறு மாதம் தங்கியிருந்தவர், அல்லது அடுத்த ஆறு மாதம் தங்க எண்ணியிருப்பவர். நான் தங்கவும் இல்லை. தங்கும் எண்ணமும் இல்லை. என்னை அந்த வீட்டிலிருந்து எடு.

எத்தனை பேர், தம்பி? மொத்தம் எத்தனை பேரை இப்படிக் கூட்டி வந்தாய்?

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

அக்கா


மார்ச் 15

அட்டவணைப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

நூற்று நாற்பத்து மூன்று பேர்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேள்விகளை முடித்த பிறகு கடைசியாக ஒன்று கேட்டேன். "இந்த வீட்ல இருந்து போனவங்க யாரு?" அதற்குத்தான் எல்லோரும் நன்றாகப் பதில் சொன்னார்கள். மற்ற கேள்விகளுக்குக் கதவில் நின்றபடியே பேசியவர்கள், இதற்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மூத்தவன், இளையவள், நடுவில் ஓடிப்போனவன். வயது கேட்டால் மாதக்கணக்கோடு சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டேன். யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. யாரும் எழுதாதே என்றும் சொல்லவில்லை.

செத்தவர் அம்மா ஒருத்திதான். அது என் சொந்தத் தவறு.

போன வருடம் பிரசவப் பிரிவில் ஒரு மாதம் டாக்டர் இல்லை. அந்த மாதத்தில்தான் இவளுக்கு வலி வந்தது. பிற்பகல் மூன்று மணி. பெரிய ஆஸ்பத்திரி நாற்பத்தாறு கிலோமீட்டர். முப்பத்தோராவது கிலோமீட்டரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் இறங்கிப் போய்க் கேட்காரரிடம் கெஞ்சினார். சரக்கு ரயில். பெட்டிகளை எண்ணினேன். ஐம்பத்திரண்டு. அதற்குள் இவள் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் அப்போது ஒரு தந்தி மாதிரி செய்தி அனுப்பினீர்கள். "வருந்துகிறேன். தைரியமாக இரு." அதைத் தொலைபேசியில் இன்னும் வைத்திருக்கிறேன். அழிக்கத் தெரியாததால் அல்ல.

அந்தக் குழந்தை தங்கவில்லை. ஜூனில் அடுத்தது. என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். புகார் எழுதுங்கள். வாத்தியார் வேலை போனால் கல் உடைக்கிறேன். படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
கணக்கெடுப்பாளர், ஆறாம் தொகுதி


மார்ச் 18

தம்பி,

"அவர்களுக்கு" என்று எழுதியதை மூன்று முறை படித்தேன். பரவாயில்லை. தகுந்ததுதான்.

ரயில் பெட்டிகளைப் பற்றி நீ எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. புகாரும் எழுதவில்லை. இயக்குநர் இரண்டு முறை கேட்டுவிட்டார். "அந்த ஒரு ஊரு மட்டும் ஏம்மா உங்ககிட்டயே குடித்தனம் பண்ணுது?" திங்கட்கிழமை அவரிடம் சொல்லப்போகிறேன், கணக்கெடுப்பாளர் என் தம்பி என்று. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பங்குக் குற்றம் அது.

அதற்கு முன் ஒன்று. சந்தேகம் வந்த தொகுதியை மற்ற துறைகளின் பதிவேடுகளோடு ஒத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். மின்சாரம், ரேஷன், தடுப்பூசி. உன் தொகுதியையும் பார்த்தேன். கூடுதலாக எழுதியது எங்கே என்று தேடினேன். கிடைத்தது வேறு.

குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைகள். கட்டடம் 211 முதல் 224 வரை. நீ எழுதியிருப்பது: "கிடங்கு. மக்கள் வசிப்பு இல்லை."

தடுப்பூசிப் பதிவேட்டில் அதே முகவரியில் ஒன்பது குழந்தைகள்.

ஒன்பது குழந்தைகள் தனியாகவா வசிக்கிறார்கள்?

நீ கதவைத் தட்டினாயா?

அக்கா


மார்ச் 22

அக்கா,

தட்டவில்லை.

உன் கடிதம் வந்ததும் கோபம்தான் வந்தது. இதில்கூடத் தப்புக் கண்டுபிடிக்கிறாளே என்று. மறுநாள் பள்ளி விட்டதும் போனேன். ஏழு வருடமாக அந்தக் கிடங்குச் சுவரை ஒட்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன். கொட்டகைகள் தெரியும். அங்கே கிடங்கு வேலைக்கு வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவார்கள் என்பதும் தெரியும். ஊர் என்று நினைக்கும்போது அவர்கள் என் நினைப்பில் வரவில்லை. எங்கேயோ இருக்கிற உன்னை எழுதினேன். இவர்களை எழுதவில்லை.

வாசலில் காவலாளி. "சார், இங்க குடித்தனம் எதுவும் இல்ல. சரக்குதான்." அவருக்குப் பின்னால் கொடியில் துணி. குழந்தைச் சட்டைகள்.

"சரக்கு சட்டை போடுமா?" என்றேன். வழிவிட்டார்.

முதல் கொட்டகையில் ஒரு பெண். கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள். நான் நோட்டைத் திறப்பதற்குள் சொன்னாள்: "இஸ்கூல் வாத்தியார்தானே? தெனம் எட்டேகாலுக்குப் போவீங்க. நாலு பத்துக்குத் திரும்புவீங்க. வெள்ளிக்கிழமை மட்டும் லேட்டு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணிக்கிட்டுதான் இருக்கோம். நீங்கதான் எண்ணல."

அவள் பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

சிரித்தவள் வாயும் வயிறுமாக இருந்தாள். அவளுக்கும் ஜூன்தான். செவ்வாய்க்கிழமைகளில் பிரசவப் பிரிவு பெஞ்சில் என் வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அவள்தானாம். "உங்க வீட்டக்கா நல்லாப் பேசுவாங்க. எனக்கு இடம் பிடிச்சு வைப்பாங்க." வீட்டில் வந்து கேட்டேன். "ஆமா, தெரியுமே. நீங்க கேக்கலையே" என்றாள் இவள்.

பதினான்கு கொட்டகை. ஐம்பத்தெட்டு பேர். கடைசிக் கொட்டகையை எழுதும்போது ஒப்பந்தக்காரர் வண்டியில் வந்து இறங்கினார்.

"வாத்தியாரே, இதெல்லாம் எதுக்கு எழுதுறீங்க? நாலு மாசத்துல வேலை முடிஞ்சா கெளம்பிருவாங்க."

"அதை அவங்க சொல்லட்டும்."

"எல்லாரும் அடுத்தவன் வீட்டுல மூக்க நுழைச்சா எப்படி? வாத்தியாரு பாடம் நடத்துங்க."

கூடவே வந்துகொண்டிருந்த பெட்டி அடுக்குகிறவளிடம் ஆறு மாதக் கேள்வியை அவர் முன்னாலேயே கேட்டேன். இங்கே இன்னும் ஆறு மாதம் இருப்பீர்களா?

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இருக்கணும்னுதான் இருக்கோம். எழுதிக்கோங்க."

எழுதினேன். இது போதுமா என்று தெரியவில்லை. மறு கணக்கெடுப்புக்கு ஆள் அனுப்புவீர்கள் இல்லையா? வருகிறவரிடமும் அவள் இதையே சொல்வாளா என்றும் தெரியவில்லை.

திருத்தப் படிவம் நிரப்பி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு வைத்திருக்கிறேன். நூற்று நாற்பத்து மூன்று வரி நீக்கம். ஐம்பத்தெட்டு வரி சேர்ப்பு. கொட்டகைக்காரர்கள் நின்றால் ஊர் 5,033. நிற்காவிட்டால் 4,975. எட்டாம் வகுப்புக் கணக்கு. இரண்டு விடை.

அடிக்கோல் வைத்து நீக்கினேன். வீடு வீடாக. கடைசியில் நம் வீடு. அம்மா வரியில் அடிக்கோல் நகர்ந்துவிட்டது, கோடு கொஞ்சம் வளைந்திருக்கும். உன் வரி நேராக இருக்கிறது. நீ சொன்னபடி எடுத்துவிட்டேன்.

தலைமையாசிரியர் விளக்கம் கேட்டுக் குறிப்பு அனுப்பியிருக்கிறார். பார்த்துக்கொள்ளலாம்.

இவள் இன்று சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்: "மூடிட்டா என்ன பண்றது?" எனக்கு "ம்" கூட வரவில்லை.

தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

திங்கட்கிழமை இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏம்மா, மூணாந் தேதியே சொல்லியிருந்தா வேற ஆள்கிட்ட மாத்தியிருப்பேன். இப்ப விசாரணைன்னு எழுதணும்." எழுதினார். நான் உனக்கு எழுதிய கடிதங்களைப் பற்றியும் கேட்டார். மறைக்கவில்லை. அலுவலகக் கதவைத் திறக்கும் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை நான் அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை. பக்கத்து மேசைக்காரி என் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வரை கொண்டுவந்து கொடுத்தாள்.

உன் படிவம் 23ஆம் தேதியே வந்துவிட்டது என்று மட்டும் அவள் சொன்னாள். தேதிக்குள். பிழைதான், தம்பி. குற்றமில்லை.

மறு கணக்கெடுப்பு அதிகாரி ஏப்ரல் 15, 16 இரண்டு நாளும் உன் தொகுதியில் இருப்பார். கொட்டகைகளுக்கும் போவார். ஒப்பந்தக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து, பெண்களிடம் தனியாகக் கேட்கச் சொல்லி இயக்குநருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் அங்கே எழுதிய கடைசிக் குறிப்பு அது. எண் என்னவாக வரும் என்று தெரியாது. இனி நம் ஊர் அட்டவணையைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. எல்லோரையும் போல மே மாதம் செய்தித்தாளில் பார்க்க வேண்டும்.

இரண்டு விடைக்கும் தயாராக இருக்க வேண்டும். திறந்திருந்தால், செவ்வாய்க்கிழமை பெஞ்சில் நானும் உட்காருகிறேன். மூடினால், ஜூன் முதல் தேதியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து அவளோடு இருக்கிறேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அந்த பெஞ்சுக்காரியையும் கேட்டு வை. வருவாளென்றால் மூன்று பேருக்கு அறை பார்க்கிறேன். உன் மனைவியிடம் சொல், "ம்" சொல்லாமல் வாயைத் திறந்து சொல்.

12ஆம் தேதி மதியப் பேருந்தில் வருகிறேன். பெட்டி இரண்டு. நிலையத்துக்கு வா.

படிவத்தின் நகலைப் பார்த்தேன். அம்மா வரியில் கோடு வளைந்துதான் இருக்கிறது. என் வரி அடிக்கோல் பிடித்தபடி இருக்கிறது. அதைத் திருத்த வேண்டாம். இன்னொரு படிவமும் வேண்டாம். ஒரு ஆளால் அந்த எண் நிற்கப்போவதும் இல்லை, விழப்போவதும் இல்லை.

அதிகாரி நம் வீட்டுக்கு வரும்போது கதவை நான் திறக்கிறேன். நீ முந்திக்கொண்டு பேசாதே. ஆறு மாதக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கட்டும்.

அக்கா