மேற்குச் சுவரின் ஓட்டைகள்

அன்புள்ள மகள் சுபிதாவுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆனால் பொய்யோடு ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மருமகனும் அந்த ஜெர்மனிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். வாராவாரம் போனில் முகம் பார்க்கிறோமே, இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் சபைப் பாடகர் குழுவில் இருக்கும் ஜெபிஷ் உங்கள் ஊர்ப்பக்கம் படிக்க வருகிறான், ஏத்தங்காய் வற்றல் பொட்டலத்துக்கு அடியில் இதை வைத்துக் கொடுத்துவிடுகிறேன், வற்றலைக் கண்டதும் கடிதத்தை மறந்துவிடாதே.

நான் வீட்டைக் குறை சொல்லப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்து ரோட்டோர வீட்டில் கல் ஏற்றிப்போகும் லாரிகளின் புகையும் தூசியும் அப்பாவின் நெஞ்சைப் பிடித்ததையும், மைதானம் முழுக்கக் கேட்க விசில் ஊதிய பி.டி. மாஸ்டரான அவர் நாலு படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்து நின்றதையும் நீயே பார்த்தாய். நல்ல காற்று உள்ள இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் குலசேகரத்துக்கு வந்தோம், நீயும் அப்பாவின் மூச்சை நினைத்தே இந்த வீட்டை வரைந்தாய். சிமெண்டைக் குறைத்து வெட்டுக்கல்லில் சுவர், கூரையில் சோலார், மேற்குக் காற்று நேராக உள்ளே வர அந்தப் பக்கச் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாக. ஊரில் நம் வீட்டைப் புறாக்கூடு என்றார்கள், இதுக்க ஊடே பாம்பு வரும் பாத்துக்கிடுங்க என்று கொத்தனாரே பயமுறுத்தினார். ஆனால் முதல் வருடம் ஃபேன் கூடப் போடாமல் தூங்கினோம், அப்பா மூச்சிழுக்கும் மருந்தை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோனார். அதற்காக உன்னை நான் எத்தனை முறை வாழ்த்தினேன் என்று உனக்குத் தெரியாது.

நீ வரையும்போது மேற்கே முத்துநாயகத்தின் வாழைத்தோட்டம் இருந்தது, நினைவிருக்கிறதா? வாழையை அழித்துவிட்டு அங்கே ரப்பர் ஷீட்டைக் காயவைக்கப் புகை போடும் கொட்டகை கட்டியிருக்கிறார். அது உனக்குத் தெரியும், ஆனால் என்னென்ன எரிக்கிறார் என்பதை நாங்கள் சொல்லவில்லை. ஈர விறகு, தேங்காய்த் தொண்டு, அது போதாமல் அண்டியாபீசில் பருப்பை எடுத்துவிட்டுத் தள்ளும் முந்திரி ஓடு. மழை நாளில் அந்தப் புகை மேலே போகாது, காற்றோடு படுத்து வந்து உன் சுவரின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் உள்ளே வரும். காய்ந்த துணியில் நாற்றம், குழம்பில் கூட நாற்றம். உன் தம்பி ஷாஜன் கூரையில் ஏறி சோலார் பலகைகளைத் துடைத்தால் துணி கரியாகிறது, கரண்டும் குறைந்துபோச்சு. இன்றைக்கு இவ்வளவு கரண்ட் வந்தது என்று அப்பா உனக்குச் சொல்கிறாரே, அதெல்லாம் போன வருடக் கணக்கு.

ஷாஜன் உள்பக்கமாக ஒரு தார்ப்பாய் கட்டினான். எனக்க மவ போட்ட சொவராக்கும், ஒரு ஓட்டையையும் அடைக்கப்பிடாது என்று அப்பா அவனோடு சண்டை போட்டார், பிறகு இருமல் தாங்காமல் சம்மதித்தார். ஆனால் உன் போன் வரும் நேரமானால் தார்ப்பாயைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவர் உனக்குத் தெரிகிற மாதிரி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நீ எவ்வளவு நேரம் பேசுகிறாயோ அவ்வளவு நேரமும் அந்தப் புகையில்தான் இருக்கிறார் மக்களே. போன வாரம் உன் புது வேலையைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், சிக்னல் இல்லை என்று நான் நடுவில் கட் பண்ணினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அடுத்து திற்பரப்பில் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறோம் என்று ஷாஜன் மெசேஜ் போட்டானே, அப்போது நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பயப்படாதே, இப்போது அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

யார் கொண்டுபோனது என்று கேள், முத்துநாயகம்தான், அவருடைய ஜீப்பில். அப்பாவை ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஏற்றினார், வெளியே வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார், நான் கொடுத்த காப்பியைக் கூடக் குடிக்கவில்லை. மழையில புகை போடல்லேன்னா ஷீட்டு பூசணம் பிடிச்சுப் பூத்துப் போவும் அக்கா, பூத்த ஷீட்ட எவன் எடுப்பான், நான் என்ன செய்ய என்று அழுதுவிட்டார். ஷாஜன் மனு எழுதி வைத்திருக்கிறான், கொட்டகைக்கு சீல் வைக்க வேண்டுமாம். எனக்கு அந்த ஆள் மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் என் புருஷனைச் சுமந்த கைக்கு விரோதமாக என்ன எழுத? அப்பாவோ ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு முதலில் சொன்னது, சுபிதாட்ட சொல்லாண்டாம் கேட்டியா, வீட்டுக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு என்பதுதான். வீட்டுக்கு என்ன குறை, இவருக்கல்லவா மூச்சு முட்டுகிறது! எனக்கு அப்போது சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். வெயில் இருக்கும் நாளில் வெயிலிலும், மழை நாளில் புகை அதிகம் இல்லாமலும் ஷீட் காய ஒரு கொட்டகையை முத்துநாயகத்துக்கு வரைந்து கொடு. அவர் கட்டுவாரா என்று தெரியாது, ஆனால் பார்க்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நம் காம்பவுண்டுக்குள் மட்டும் நல்ல காற்று வேண்டும் என்று நாம் நினைத்தது நடக்கிற காரியமா சொல்? அதற்கு நாளாகும், இந்த மழைக்கு உதவாது. அதனால் இன்னொன்று. மேற்குச் சுவருக்கு, வேனலில் திறந்து வைக்கிற மாதிரி கண்ணாடிக் கதவுகள் செய்து வாங்கி வந்து, விறகுப்புரையில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறோம். நான் சொன்னாலும் ஷாஜன் சொன்னாலும் அப்பா மாட்ட விடமாட்டார். நீ சொல்ல வேண்டும். அப்பா, நான் போட்ட கணக்கில் தப்பு வந்துவிட்டது, அந்தச் சுவரை மழைக்காலத்துக்கு அடைத்துவிடுங்கள் என்று நீயாகச் சொல்ல வேண்டும். உன் கணக்கில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சுவரின் படம் புத்தகத்தில் வந்தபோது நீ துள்ளியதும் தெரியும். உன் வாயால் இதைச் சொல்லவைக்க எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் சொல்லு மக்களே, எனக்குப் பயமாக இருக்கிறது.

மருமகனுக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா தார்ப்பாயைக் கழற்றிவிட்டு உன் போனுக்குக் காத்திருப்பார். சுற்றி வளைக்காமல் முதலிலேயே அதைச் சொல்லிவிடு.

உன் அம்மா,
சத்தியபாய்