ராய்னாவின் பக்கம்

சிப்ரோவ்சி,
செப்டம்பர் 9

அன்புள்ள ராய்னாவுக்கு,

ஸ்லாத்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் திராட்சைப் பந்தல் தாங்க முடியாமல் காய்த்திருக்கிறது. இத்தாலியில் நீ பார்த்துக்கொள்ளும் கிழவர் இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

நம் பெண்கள் சங்கத்துக்குப் பெரிய கம்பளம் ஒன்று நெய்து தரக் கேட்டு ஆர்டர் வந்தது. இருவர் அருகருகே உட்கார்ந்து நெய்யும் அகலம். தறியில் நீ உட்காரும் பக்கத்தில் வேனாவை உட்கார வைத்தேன். நல்லவள்தான், ஆனால் கை இரும்பு. நூலை இறுக்கும் சீப்பால் அவள் அடித்த அடியில் அவள் பக்கம் நான்கு விரல் அளவு அமுங்கிவிட்டது. கம்பளம் குடிகாரன் மாதிரிச் சாய்ந்து நின்றது. பதினோரு நாள் நெய்ததையெல்லாம் பிரித்து எடுத்தோம். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

மறுநாள் தறியருகே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். பக்கத்தில் உன் சீப்புச் சத்தம். டக், டக், பிறகு சின்னதாக ஒரு டக். நீ வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். கண்ணைத் திறக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். திறந்தால், உன் மகள் எலித்சா! "தூங்கினது போதும் அத்தை, அந்தச் சிவப்பு நூலை இப்படித் தள்ளுங்க" என்கிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மூன்று வாரமாக இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஏறுகின்றன.

அடியே, கோபப்படாமல் படி. அங்கே அவளுக்கும் ஒரு வீட்டில் வேலை தேடி வைத்து, பஸ் டிக்கெட் அனுப்பினாய் அல்லவா? அதை ரத்து செய்துவிட்டாள். "எனக்குப் பயமா இருக்கு, அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அம்மா ஊரான் வீட்டுல சோறு ஊட்டுறது பத்தாதா, நானும் போகணுமா?" என்று கேட்டாள். இதற்கு உனக்குப் பதில் வருகிறதா பார்.

சங்கத்தில் தன் பெயரிலேயே சேர்ந்துவிட்டாள். முதல் பங்குப் பணத்தில் உன் வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்கி முற்றத்தில் அடுக்கியிருக்கிறாள். அந்தக் கூரைக்காகத்தானே நீ போனாய், ராய்னா.

அடுத்த மாதக் கடைசியில் வரும் திமித்ரி திருநாளுக்குள் இதைத் தறியிலிருந்து அறுத்து இறக்கிவிடுவோம். அடுத்த கம்பளத்துக்கு எத்தனை பேர் உட்காரும் அகலத்தில் தறியில் பாவு நூல் ஓட்டுவது என்று நேற்று சங்கத்தில் கேட்டார்கள். மூன்று பேர் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். வந்து திட்டு.

உன் கைகளை ஆண்டவர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழிபார்த்திருக்கும்,
ஸ்லாத்கா