எட்டு ஞாயிறாக முள் அசையவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சௌக்கியம் என்றுதான் எழுத வந்தேன், கை நின்றுவிட்டது, இருக்கிறோம் என்பதுதான் இப்போதைக்குச் சரி. நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்பது முறை. அதைக் கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதமே, அதனால் அது கடைசியில் வரட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்டுவிடும், முப்பத்தோரு வருஷம் ஊர்த் தண்ணீர் பம்ப் ஹவுஸ் இரைச்சலில் உட்கார்ந்தவருக்குக் காது கொஞ்சமாவது மந்தமாகியிருக்க வேண்டாமா, அவருக்கு என்னவோ பாம்புக் காது. அதனால் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் உன் பழைய பரீட்சை அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஒரு மணி நேரம் இருக்கிறது, பிறகு நேரே சலவைக் கடைக்குப் போக வேண்டும், இன்றைக்கு மத்தியானம் கவுன்ட்டரில் நான் மட்டும்தான்.

முதலில் ஒரு பொய்யைக் கழற்றி வைக்கிறேன். அப்பா நன்றாக நடக்கிறார், தினமும் அரை மணி நேரம் நடக்கிறார் என்று வாராவாரம் உன்னிடம் சொன்னேனே, போன வியாழக்கிழமை வரைக்கும் அவர் நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கும் பாத்ரூமிலிருந்து நாற்காலிக்கும்தான் நடந்தார். பைபாஸ் நடந்து பத்து வாரம் ஆகிறது. நீ வந்து திரும்பிப் போன மறு வாரம் டாக்டரிடம் காட்டப் போனோம். டாக்டர் ஏதோ சகஜமாகப் பேச நினைத்து, உங்களுக்குத் தெரியாததா சார், இதுவும் ஒரு பம்ப்தானே என்றார். அப்பா உடனே, பம்ப்புன்னா நாங்க நிறுத்திட்டு சர்வீஸ் பண்ணுவோம், ஓடற பம்ப்புல கை வைக்க மாட்டோம் என்றார். டாக்டரும் சிரித்துக்கொண்டே, நாங்களும் நிறுத்தித்தானே சார் பண்ணினோம் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு நேரம் என்று அப்பா கேட்டார், அவர் ஃபைலைப் புரட்டி எழுபத்திரண்டு நிமிஷம் என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். இரண்டு விரலால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நாள் முழுக்க நாடியை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு தடவை நின்ற பம்ப்பை அவர் சாமானியத்தில் நம்ப மாட்டார், அது உனக்கும் தெரியும். டாக்டரோ நடந்தால்தான் இதயத்துக்குத் தெம்பு ஏறும், அடுத்த மாசம் ஸ்கேன் எடுக்கும்போது இப்படியே இருந்தால் நெஞ்சில் கருவி வைக்கிற பேச்சு வரும் என்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் இங்கே கூட்டி வருவேன், உள்ளே மற்றவர்கள் நடப்பார்கள், இவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து நாடி பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். நான் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உனக்கு நன்றாக நடக்கிறார் என்று சொல்வேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், வீட்டுக்கு அனுப்பும்போது ஒருத்தர் விடாமல் எல்லாரும் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, அவரை சந்தோஷமா வச்சுக்குங்க என்பது. டாக்டர் சொன்னார், மருந்து கொடுக்கிறவர் சொன்னார், வண்டி ஓட்டி வந்தவரும் இறங்கும்போது சொன்னார். எப்படி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. உப்பைக் குறைப்பது எனக்குத் தெரியும், மாத்திரையை டப்பாவில் நாள்வாரியாகப் போடுவது தெரியும், சந்தோஷத்தை எந்த டப்பாவில் போடுவது. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் ஒரு சட்டம் போட்டேன், இந்த வீட்டு வாசலுக்குள் நல்ல சேதி மட்டும்தான் வர வேண்டும் என்று. உன் அத்தை வாசலில் நின்று மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, உள்ளே வந்து அண்ணா நீ பத்து வயசு குறைஞ்சு போயிட்டே என்று சிரிப்பாள். டிவியில் சிரிப்பு நிகழ்ச்சியைத் தவிர வேறு எதுவும் வைக்க மாட்டேன், அப்பா அதைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார். கடையில் எட்டு மணி நேரம் நின்று, அடுத்தவர் கோட்டில் கறை போகவில்லை என்று பேச்சு வாங்கி, முட்டி வலியோடு படியேறி, கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு உள்ளே போவேன். அம்மாடி, கன்னம் வலிக்கும் என்று எனக்கு இந்த வயசில்தான் தெரிந்தது.

அந்தச் சட்டத்தில்தான் உன் வாயையும் கட்டினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் தோளில் சாய்ந்து, மாப்பிள்ளை தனி வீடு பார்த்துப் போய் இரண்டு மாசம் ஆகிறது என்று சொன்னபோது, நான் உன்னை ஒரு வார்த்தை தேற்றவில்லை, அப்பா காதுக்கு மட்டும் போகக் கூடாது என்றுதான் சொன்னேன். மாப்பிள்ளை எங்கே என்று அப்பா கேட்டால் கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். நீயும் சொன்னபடி செய்தாய். இதை நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரமாக வருகிறது.

இங்கே உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு நர்ஸம்மா இருக்கிறாள், உன் வயசுதான் இருக்கும், நல்ல மனசு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்ன நோட்டு கொடுத்திருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் மேலே இன்று எனக்கு மகிழ்ச்சி தந்தவை என்று அச்சடித்து, கீழே மூன்று கோடு. அப்பா அதை வாங்கி, அன்றைக்கே ஸ்கேல் வைத்து அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, நேரம், நிலை, குறிப்பு என்று பத்தி பிரித்துவிட்டார். பம்ப் ஹவுஸ் பதிவேடு மாதிரியே. முதல் பக்கத்தில் அறுவை சிகிச்சை தேதி போட்டு, நிறுத்தப்பட்டது, 72 நிமிடம் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு தினமும் நிலை என்ற இடத்தில் ஒரே வார்த்தை, கவனிக்கவும். நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நாள்கூட ஒரு நல்ல விஷயம்கூட எழுதலையே, கொஞ்சம் பாத்துக்குங்கம்மா என்று கவலைப்பட்டாள். அன்றிலிருந்து நான் இன்னும் அதிகமாகச் சிரிக்க ஆரம்பித்தேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சமையலறைக் குழாய் ஒரு மாசமாகச் சொட்டுகிறது, அப்பா கை வைத்துவிடக் கூடாது என்று ஸ்பானரை எடுத்து என் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் தரை முழுக்கத் தண்ணீர், குழாய் நாலு துண்டாகப் பிரிந்து தட்டில் இருக்கிறது, அப்பா நனைந்த பனியனோடு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டினேன். வெட்டித் தைத்த நெஞ்சை வைத்துக்கொண்டு இது தேவையா என்று ஆரம்பித்தது, என் முட்டி வலிக்குப் போய், உன் அத்தையின் சிரிப்புக்குப் போய், உங்களை சிரிக்க வச்சே நான் போய்ச் சேந்துடுவேன், எனக்கும் மனுஷ உடம்புதான், பத்து வாரமா ஒரு நாள் நல்லா தூங்கல, எனக்கு பயமா இருக்கு, தினமும் பயமா இருக்கு என்று முடிந்தது. அழுதேன் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அப்பா, அப்பாடா என்றார். பிறகு, இப்பத்தான் வீட்டுல சத்தம் சரியா கேக்குது என்றார். எனக்கும் பயமாத்தான் இருக்கு என்றார். முப்பத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது அன்றுதான். கொஞ்ச நேரம் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பிறகு அவர் துணியைப் பிழிய நான் தரையைத் துடைத்தேன்.

மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டார். எங்கே என்றேன், வாஷர் வாங்க என்றார். ஹார்டுவேர் கடை நாலு தெரு தள்ளி. நான் வாங்கி வருகிறேன் என்றதற்கு, நீ வாங்கினா அளவு தப்பா வாங்குவே என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் பின்னாலேயே இருபதடி விட்டுப் போனேன், திருடனைப் பிடிக்கிற மாதிரி. மூன்று இடத்தில் நின்றார், ஒரு தடவைதான் மணிக்கட்டைப் பிடித்தார். போய் வாங்கி வந்து குழாயைப் பூட்டினார். இன்றைக்கு இதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மற்றவர்களோடு நடந்துகொண்டிருக்கிறார், முகம் மட்டும் யாரோ கட்டாயப்படுத்தியது போல இருக்கிறது. காலையில் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், சந்தோஷமாக இருந்தால் இதயம் ஆறுமா என்று. அவர், சந்தோஷம் மாத்திரை இல்லம்மா, மனசு நல்லா இருக்கறவங்க பலபேர் நல்லா தேறி வர்றதைப் பாக்கறோம், அவங்க நடக்கறாங்க, தூங்கறாங்க, மாத்திரைய மறக்கறதில்ல, அதனாலயா இல்ல வேற எதனாலயான்னு எங்களுக்கே முழுசா தெரியாது, ஆனா அடுத்தவங்க ஊட்டி விடற சந்தோஷத்தப் பத்தி நான் ஒண்ணும் உத்தரவாதம் தர முடியாது என்றார். பத்து வாரத்துக்கு முன்னால் இந்த மனுஷன் இதை இவ்வளவு விவரமாகச் சொல்லியிருந்தால் என் கன்னமாவது மிஞ்சியிருக்கும்.

வாஷர் வாங்கி வந்த அன்றைக்கு அப்பா நோட்டை மேஜையில் திறந்தே வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். வியாழக்கிழமைக்கு நேராக, மாலை 4.10, அவள் திட்டினாள், 15 நிமிடம், நிலை சாதாரணம் என்று இருந்தது. இன்றைக்கு நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு, சாதாரணம்தானா என்று முகம் வாடினாள். அவளுக்கு என்ன தெரியும். அந்தப் பம்ப் ஹவுஸில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது, எதுவும் ஒழுகவில்லை, ஊருக்குத் தண்ணீர் போகிறது, யாருக்கும் அடிபடவில்லை என்று அர்த்தம். நீ பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு எல்லாம் சாதாரணம் என்றார், என் அம்மா ஒரு மாசம் அவரோடு பேசவில்லை.

ஆனால் அந்த நோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும், மகள் பேசினாள், மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கிறாராம், முள் அசையவில்லை. எட்டு ஞாயிறும் இதேதான். ஐந்தாவது ஞாயிற்றில் மட்டும் குறிப்பில், அப்படி என்ன வாங்குகிறார் என்று சேர்த்திருந்தார். முள் என்றால் எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை ரெண்டாம் ஷிப்ட் மாமா பார்க்க வந்தார், அப்பாவிடமிருந்து தினமும் வேலையை வாங்கிக்கொள்வாரே, அவர்தான். கீழே வண்டிவரை கூடப் போய்க் கேட்டேன். அவர் சொன்னார், தண்ணி ஓடிட்டு இருந்தா மீட்டர் முள் கொஞ்சமாவது ஆடணும்மா, ஆடாம ஒரே இடத்துல நின்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல, மீட்டர் சிக்கிக்கிச்சுன்னு அர்த்தம், விரலால ஒரு தட்டு தட்டிப் பாப்போம்.

அவர் போனதும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குக் காதில் பூ சுற்றினோம், அவர் எட்டு வாரமாக ஞாயிறு முழுக்க மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உன்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாத கஷ்டத்துக்குக் காவல் உட்கார்ந்தால் யாருக்கு நடக்கத் தோன்றும். நான் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னைத் தனியாக அழ விட்டேன், அவரையும் தனியாகப் பயப்பட விட்டேன். என்னை மன்னித்துவிடு கண்ணு. இந்த ஞாயிறு நீயே அவரிடம் சொல், நான் சொன்னால் அது உன் குரலாக இருக்காது. அழுகை வந்தால் அழு. சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதித் தர என்னால் முடியாது, டாக்டராலும் முடியாது. ஆனால் கேட்டபிறகு அவர் எழுந்து நின்று, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பெஞ்சில் எழுதியது மேலே வரைக்கும்தான். இதை வீட்டில் முடிக்கிறேன். ஒருவேளையாவது சூடாகச் சாப்பிடு, ஜன்னலைச் சாத்தி இருட்டில் உட்காராதே. கடிதத்தைப் பார்த்துவிட்டு அப்பா, அவளுக்கா, எனக்கு ஒரு வரி இடம் விடு என்றார். மேல் பக்கத்தை மடித்து என் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேனாவைக் கொடுக்கப் போகிறேன். மனசும் உடம்பும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கூட யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. இப்போது கேட்கிறேன், நீ எப்படி இருக்கிறாய்.

உன் அம்மா

மேலே உள்ளதைப் படிக்கவில்லை. இங்கே சாதாரணம். முள்ளை ஒரு தடவை தட்டுகிறேன், உன் பக்கம் நிலை என்ன, உள்ளது உள்ளபடி சொல்லவும்.
அப்பா