வெளியே தொங்கிய தாலி

7.9.1957, சனிக்கிழமை

இரண்டு வருடமாக அடகில் கிடந்த என் தாலியை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்துச் சேர்த்த காசில் வட்டியும் முதலும் கட்டி இன்று வீட்டுக்காரர் மீட்டு வந்தார். இத்தனை நாள் கழுத்தில் வெறும் மஞ்சள் துண்டுதான். யார் கண்ணிலும் படாமல் ரவிக்கைக்குள் ஒளித்தே திரிந்தேன்.

சாயங்காலம் தாலியை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் கஜா பெராங் குடியிருப்பின் பொதுக் குழாயடிக்குப் போனேன். இரண்டு வாளி தண்ணீர் போதும். ஐந்து தடவை போனேன்.

"உள்ளே போடு புள்ள, கண்ணு பட்டுறப் போவுது" என்றாள் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா.

"படட்டும்க்கா" என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே தன் ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் துண்டை எடுத்துக் காட்டினாள். "தீபாவளிக்கு நானும் இப்படித்தான் வருவேன், பாரு."

எழுதக் குனிந்தால் தாலி மேசையில் தட்டுகிறது. உள்ளே போட மனசில்லை.