நீ தனியாக எடுத்த புடவை

மச்சி,

இன்று காலை மின்சார ரயிலில், சைதாப்பேட்டை தாண்டியதும், எனக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. போனில் இருப்பதையெல்லாம் வாய்விட்டு வாசிக்குமே, அந்தக் குரல், யாரோ துரத்துகிற வேகத்தில். பெட்டியே திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பினேன், நீதான் என்று. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண் தனக்கு வந்த செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் கழுத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த வேகத்தில் உனக்கு என்னடா புரியும் என்று ஒருமுறை கேட்டேன். "நீ பேசுற ஸ்பீடுல அது பேசுனா நான் தூங்கிடுவேன்" என்றாய். பிறந்ததிலிருந்தே உனக்குப் பார்வை கிடையாது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ராயப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை உனக்கு. தி.நகரில் வெப்சைட் செய்யும் வேலை எனக்கு. ஒரே தெருவில் வளர்ந்தோம் என்றுதான் பேர், என் வேலையைப் பற்றி நீ ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. ஒரு ஜவுளிக் கடைக்கு வெப்சைட் செய்கிறேன் என்று நான் சொன்ன அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"மச்சி, அதுல நானே ஒரு புடவை எடுக்க முடியுமா?"

செல்விக்குத்தான். கல்யாணம் ஆனதிலிருந்து உன் மனைவிக்கு வந்த புடவையெல்லாம் அவளே கூட வந்து எடுத்தவை. உன் பங்கு பையைத் தூக்கியது. நான் கலர் சொல்கிறேன், இப்போதே வாங்கிவிடலாம் என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சொல்லி எடுத்தா அது நீ எடுத்த புடவைடா. நான் எடுத்ததுன்னு ஒண்ணாவது அவகிட்ட இருக்கணும்" என்றாய்.

நான் செய்து வைத்திருந்த பக்கத்தை உன் போனில் திறந்தாய். படம், பட்டன், படம், பட்டன், பட்டன் என்றது அது. "இன்னாடா இது, புடவைக் கடையா, டெய்லர் கடையா?" ஒவ்வொரு பட்டனுக்கும் அது என்ன செய்யும் என்று பெயர் வைத்தேன். படங்களுக்கும் விவரம் எழுதினேன், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ரொம்பப் பெருமையாக. நீ பொறுமையாகக் கேட்டாய். "பொண்ணு சிரிக்குது. தூண்ல சாஞ்சிக்கினு நிக்குது. தலையில மல்லிப்பூ வச்சிக்கீது. எல்லாம் சரி மச்சி. நான் இன்னா அந்தப் பொண்ணையா வாங்கப் போறேன்? புடவை எங்க?"

அதனால்தான் உன்னைக் கடைக்கே கூட்டிப்போனேன். முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். உன்னை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "கண்ணு தெரியாதவங்க புடவை வாங்குவாவளா தம்பி?"

"எனக்குத்தான் தெரியாது அண்ணாச்சி. கட்டிக்கப் போறவளுக்கு நல்லாவே தெரியும்" என்றாய் நீ. அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அங்கே கவுண்டரில் புடவையை விரித்துப் போட்டபடி விற்பனையாளர் ஒருவர், "வெங்காயத்தோல் கலரும்மா, உடம்பெல்லாம் பொடிப் பொடிப் பூவா புட்டா, ரெண்டு விரல் அகலம் அரக்கு பார்டர், முந்தியில மாங்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "இத்த எழுதுடா. வெங்காயத்தோலு எனக்குக் கையில தெரியுது. நீ எழுதுன லைட் பிங்க் எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

அன்று சாயங்காலமே கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுத ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது மயில்கழுத்து இல்ல தம்பி, ஆனந்தா ப்ளூ. மாத்திப் போட்டா திருப்பிக் கொண்டாந்துருவாவ" என்று திருத்தினார். நீ பக்கத்தில் டீயைக் குடித்துக்கொண்டு, புட்டா எத்தனை பெரிசு, பார்டர் கைக்கு உறுத்துமா என்று அவரைக் குடைந்துகொண்டே இருந்தாய்.

கடைசியில் வெப்சைட்டில் பணம் கட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டாய். கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டி, நீ மனிதன்தான் என்று உறுதிசெய்யச் சொல்லும் படம். வீட்டிலிருந்து கிசுகிசுப்பாக போன் செய்தாய். "நான் மனுசனான்னு கேக்குது மச்சி. செல்விக்கே அதுல இன்னும் டவுட்டு கீது." சிரித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டேன். என்ன எடுத்தாய் என்று எவ்வளவோ கேட்டேன். "போடா" என்று வைத்துவிட்டாய்.

பார்சல் வந்த அன்று செல்வி எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, நீங்க சொல்லிக் குடுத்து எடுத்தாரா?"

"எனக்கு என்ன கலருன்னே தெரியாதும்மா."

"கிளிப்பச்சைண்ணே. எனக்கு ஆவவே ஆவாத கலரு. நான் கூடப் போயிருந்தா தொட்டே இருக்க மாட்டேன்." புடவையை மறுபடி விரிக்கும் சரசரப்பு கேட்டது. பிறகு அவள் குரல் கரகரத்தது. "அப்ப நெசமாவே இவரேதான் எடுத்துகிறாரு."

பின்னால் நீ, "கிளி நல்லாதான கத்தும்" என்று சொல்வது எனக்குக் கேட்டது. அந்தப் புடவையைச் செல்வி கட்டாத விசேஷம் இல்லை. யார் எடுத்த கலர் என்று கேட்டுச் சிரிப்பவர்களிடம், "எங்க வீட்டுக்காரரு, தனியா எடுத்தாரு" என்று அவள் சொல்லும்போது நீ காட்டிய பந்தா இருக்கிறதே, அப்பப்பா, தாங்காது. உன் மேல் அப்போது வந்த எரிச்சலுக்குக்கூட இப்போது ஏங்குகிறேன்.

இப்போதெல்லாம் எந்தக் கடைக்கு வெப்சைட் செய்தாலும், முடிந்ததும் திரையை அணைத்துவிடுகிறேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் குரல் வாசிப்பதை மட்டும் கேட்டு, யாரையும் கேட்காமல் ஏதாவது ஒன்றை வாங்கிப் பார்க்கிறேன். உன் வேகம் எனக்கு வரவில்லை, பாதி வேகத்துக்கே தலை சுற்றுகிறது. போன வாரம் அப்படி வாங்கிய சட்டை வீட்டுக்கு வந்தது. என் மனைவி பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இந்தக் கண்றாவிய யாரு எடுக்கச் சொன்னா உங்கள?"

"யாரும் சொல்லல. நானேதான் எடுத்தேன்" என்றேன். உன் பந்தா அப்படியே எனக்கு வந்துவிட்டது மச்சி.